சுவர் காயும்வரை

நேரில் அவள் எனக்கு அக்கா. மனசுக்குள் வெறும் ‘அவள்’. இருபத்து மூன்று வருஷம் ஒரே மொட்டைமாடிக்குக் கீழே இருந்திருக்கிறோம். ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்லை. சண்டை போட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அதற்கு அவள் இடம் கொடுத்ததே இல்லை.

என் கணவரின் அண்ணன் மனைவி அவள், எனக்கு ஓரகத்தி. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது கோவில்பட்டி வீட்டின் நடுவே ஒரு சுவரை எழுப்பினார்கள். தெருவை ஒட்டிய பாதி அவர்களுக்கு, உள்ளே தள்ளிய பாதி எங்களுக்கு. மாடியை மட்டும் பிரிக்கவில்லை. எங்கள் வாசலுக்கு ஒரு சந்து வழியாக வரவேண்டும். அவள் வாசலைத் தாண்டாமல் வர முடியாது. அவள் கணவர், என் அத்தான், இறந்து, அவர்கள் மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு அந்தப் பாதியில் அவள் தனியாகத்தான் இருந்தாள். தனியாக இருக்கிறவள்மேல் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எல்லாம் இருந்தது.

எதையும் அவள் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள். பிள்ளைகளின் நெற்றி, கொடியில் கிடக்கும் சேலை, வெயிலில் போட்ட வத்தல், எல்லாமே புறங்கைதான். கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். லேபிள் ஒட்டி ஒட்டி விரலெல்லாம் பசை ஏறிக்கிடக்குமாம். “விரலுக்குச் சொரணை இருக்காதுட்டி. ஈரம் இருக்கா இல்லியான்னு பொறங்கைதான் சரியாச் சொல்லும்” என்பாள். மருந்தில் முக்கியெடுத்த குச்சி காயாமல் பெட்டிக்குள் போனால் அத்தனையும் வீண் என்று அங்கே படித்த பாடத்தை அவள் உலகத்தில் எல்லாவற்றுக்கும் வைத்திருந்தாள். எது நடந்தாலும் அவள் வாயில் முதலில் வருகிற வார்த்தை, “காயட்டும்.”

கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். சித்திரையில் மண் வாய் பிளந்தால் சுவரும் சேர்ந்து கொஞ்சம் பிளக்கும்; ஐப்பசியில் மழை விழுந்தால் கொஞ்சம் மூடிக்கொள்ளும். நான் விரிசலைப் பார்த்த அன்றைக்கே சிமெண்டைக் குழைத்து அப்பிவிடுவேன். அவள் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து விரிசலின் நுனியில் கோடு போட்டு, பக்கத்தில் ‘சித்திரை’ என்று எழுதுவாள். அடுத்த மாதம் இன்னொரு கோடு, ‘வைகாசி’. விரிசல் ஓடி முடிந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் பூசுவாள். அவள் வீட்டுச் சுவரில் தமிழ் மாதங்கள் எல்லாம் கிறுக்கலாகக் கிடக்கும். நான் அப்பிய இடமோ அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி பிளக்கும். என் கணவர் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லாமல் இருப்பதும் ஒரு சொல்தானே.

அவருக்கு மணியாச்சி ஜங்ஷனில் வேலை. வீட்டுக்கு வருகிற வழியில் ரயில் கடம்பூரில் நிற்கும்போது சில நாள் போளி வாங்கிக்கொண்டு வருவார். பொட்டலம் முதலில் பிரிவது அவள் வாசலில்தான். “மதினி, சூடா இருக்கு, எடுத்துக்கிடுங்க” என்று அவர் சொல்வது சந்துக்குள் எனக்குக் கேட்கும். பிறகு நாலில் இரண்டோடு என்னிடம் வருவார். கேட்டால், “அவிய வாசல்தான மொதல்ல வருது” என்பார். சரிதான். எல்லாவற்றிலும் அவிய வாசல்தான் முதலில் வந்தது.

என் மகளும் அப்படித்தான். கல்லூரியில் ஒரு பேப்பரில் தோற்றதை ஒரு மாதம் என்னிடம் மறைத்து வைத்திருந்தாள். முகம் சரியில்லையே என்று நான் காலையும் மாலையும் துருவித் துருவிக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றே சொன்னாள். கடைசியில் போய் அவளிடம் சொல்லியிருக்கிறாள். பெற்றவளை விட்டுவிட்டு அங்கே ஏன் சொன்னாய் என்று சண்டைக்குப் போனேன். “பெரியம்மா கேக்கவே இல்லம்மா. தலையில எண்ணெய் தேச்சுட்டே இருந்தாங்க. அதான் சொல்லிட்டேன்” என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் குறைத்துச் சொல்ல முடியவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் போனது தண்ணீர் விஷயத்தில். எங்கள் தெருவில் எட்டு நாளைக்கு ஒருமுறை, பத்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். பாகப்பிரிவினையில் தரைத்தொட்டி அவள் பக்கம் போய்விட்டது. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. அதில் துவைத்தால் சோப்பு நுரைக்காது. தண்ணீர் வருகிற நாளில் அவளே ஹோஸைச் சுவர்மேல் போட்டு, “ஏட்டி, டிரம்மை வையி” என்று கூப்பிடுவாள். ஒரு தடவையாவது முகம் சுளித்தாள் என்றால் இல்லை. ஒரு தடவையாவது, இன்றைக்குத் தண்ணீர் குறைவு, நாளைக்குப் பார்க்கலாம் என்றாளா என்றால் அதுவும் இல்லை. கொடுக்கிறவள் எப்போதும் அவள், வாங்குகிறவள் எப்போதும் நான். வாங்கி வாங்கி என் கை கூசிப்போயிற்று.

அதனால்தான் அந்த வேலையைச் செய்தேன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது புரியும். மழை என்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற ஊர் எங்கள் ஊர். மழைத் தண்ணீரைச் சேர்க்க எங்களுக்குத் தெரியும். மழையிடமிருந்து வீட்டைக் காப்பாற்ற வேண்டிவரும் என்று யாரும் நினைத்ததே இல்லை. மாடித் தண்ணீர் இறங்குகிற குழாயைத் துணி வைத்து அடைத்துவிட்டால், கைப்பிடிச் சுவருக்குள்ளே தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கும். வாளியால் மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொள்ளலாம். அவளுக்குத் தெரியாமல் இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில் துவைத்த அன்றைக்குத் துணி வெளுத்ததோ இல்லையோ, என் மனசு வெளுத்தது.

மார்கழி பிறந்த சமயம். ‘அந்த மழை’ என்று சொன்னால் எது என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் யாரும் கேட்பதில்லை. அன்று எங்கள் அம்மாவின் திதி. பசுவந்தனையில் தம்பி வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. விடியும்போதே தூறல். நல்ல மழை வரும்போல இருக்கிறதே, சாயங்காலம் வந்து அள்ளிக்கொள்ளலாம் என்று மாடிக்கு ஏறி, என்னுடைய பழைய நைட்டி ஒன்றைக் கிழித்து, நீலப் பூப்போட்ட நைட்டி, குழாய் வாயில் நன்றாகத் திணித்துவிட்டு பஸ் ஏறினேன். கணவர் மணியாச்சியில் டியூட்டியில் இருந்தார். மகள் சென்னையில். வீட்டில் அவள் மட்டும்தான்.

மத்தியானத்துக்கு மேல் வானம் உடைந்து கொட்டியது. பஸ் நின்றது, கரண்ட் போனது, ரோடு எது காடு எது என்று தெரியாமல் கரிசல் எல்லாம் ஒரே சேறாகிவிட்டது. தம்பி வீட்டு வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் துணி ஞாபகம் வந்தது. மாடித் தளத்துக்கு இத்தனை தண்ணீரைத் தாங்குகிற தெம்பு கிடையாது. கிணற்றடிப் பக்கம் போய் நின்றால்தான் போனில் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு போய் அவளைக் கூப்பிட்டேன். ‘அக்கா, மாடிக் குழாயில ஒரு துணி இருக்கு, எடுத்துருங்க.’ அவ்வளவுதான் சொல்லவேண்டியது. வாயில் தயாராக வைத்திருந்தேன்.

“எம்மா, நல்லா இருக்கியா? நீ பதறாத. தம்பி மணியாச்சியில பத்திரமா இருக்காவளாம். ரயிலெல்லாம் நின்னுட்டாம். இப்பம்தான் பேசுனாவ” என்றாள்.

எனக்குப் பேசாமல் என் கணவர் அவளுக்குப் பேசியிருக்கிறார். எனக்கு சிக்னல் இல்லை, கூப்பிட்டாலும் கிடைத்திருக்காது என்பதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நிமிஷம் வாயில் இருந்த வாக்கியம் அப்படியே உள்ளே போய்விட்டது. இவளிடம் போய், உனக்குத் தெரியாமல் தண்ணீர் சேர்க்க நான் குழாயை அடைத்துவிட்டு வந்தேன், நீ ஏறி எடுத்துவிடு என்று சொல்வதா?

“மாடியில தண்ணி நிக்காக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

“தெரியலியே. ஏறிப் பாக்கவா?”

“வேண்டாம் வேண்டாம். இடி இடிக்கு. நீங்க உள்ளயே இருங்க.”

“சரிட்டி, நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். போன் அணைந்துவிட்டது.

மூன்றாம் நாள்தான் ஊர் வந்து சேர முடிந்தது. கால்வாசி தூரம் நடந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினேன். குழாய் வாய் திறந்து கிடந்தது. துணியைக் காணவில்லை. தண்ணீர் வேகத்தில் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். அப்பாடா என்று இருந்தது. அது முதல் நினைப்பு, ஒளிக்காமல் சொல்கிறேன். வீடு என்ன ஆயிற்று என்பது இரண்டாவதுதான்.

வீடு ஆகவேண்டியது ஆகியிருந்தது. தளத்தில் நின்ற தண்ணீர் நடுச்சுவருக்குள் இறங்கி, என் ஹாலில் மேலிருந்து கீழ்வரை பெயிண்ட் பொங்கிக் கிடந்தது. அவள் பக்கம் இன்னும் மோசம். அந்தச் சுவரில்தான் அத்தானின் பெரிய படம் மாட்டியிருந்தது. சுவரோடு வழிந்த தண்ணீர் சட்டத்துக்குள் போய்த் தேங்கி, கறை சட்டைப் பொத்தானைத் தாண்டிக் கழுத்துவரை ஏறியிருந்தது. படத்தைக் கழற்றி ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்திருந்தாள்.

“கழுத்தோட நின்னுட்டு பாரு. மூஞ்சிக்கு வரல. அந்த மட்டுக்கும் நல்லது” என்றாள்.

நான் அந்தப் படத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். அவள் புறங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டிருந்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.

தண்ணீர் வடிந்து நாலைந்து நாளில் கொத்தனாரைக் கூப்பிட்டோம். கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். என் கணவர், நான், அவள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். மாடியையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “தளத்துல இவ்வளவு தண்ணி எப்படிம்மா நின்னுச்சு? குழா அடைச்சிருந்தா மட்டுந்தான் இப்படி ஆவும்” என்றார்.

அவள் உடனே, “வேப்பஞ்சருகு அண்ணாச்சி. கூட்டி அள்ளணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். எம் மேலதான் தப்பு” என்றாள்.

“நீங்க என்ன மதினி செய்வீங்க? வயசான காலத்துல நீங்க மாடி ஏறிக் கூட்டணுமாக்கும்? நாங்கள்லா பாத்திருக்கணும்” என்று என் கணவர் உருகிவிட்டார்.

பாருங்கள். செய்யாத தப்பை ஏற்றுக்கொண்டும் அவளுக்கு நல்ல பெயர்தான் கிடைக்கிறது. தப்பித்தோம் என்ற நிம்மதி எனக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதற்குள் பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது. இவள் உண்மையிலேயே சருகுதான் என்று நம்புகிறாள், அவ்வளவுதான் இவள் சாமர்த்தியம் என்று மனசுக்குள் இளக்காரமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கொத்தனார் இரண்டு வழி சொன்னார். “காரையை முச்சூடும் உதுத்துட்டு செங்கலைக் காயவிடணும். பங்குனி வெயில் வரைக்கும் அப்படியே கெடக்கணும். இல்லன்னா மேலாப்புல பேனல் அடிச்சு மறைச்சிரலாம். மூணு நாள் வேலை.” சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். என் ஹாலில் நின்றுகொண்டு அவளைப் பார்த்தார்!

தை மாதம் என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. விளாத்திகுளம் பக்கத்துக் குடும்பம், நல்ல இடம். ஒரு வருஷமாகத் தட்டித் தட்டிப்போய் இப்போதுதான் கூடிவந்திருந்தது. அவர்கள் வந்து உட்காருகிற ஹாலில் தோல் உரித்த மாதிரி செங்கல் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்?

“காயட்டும்டி” என்றாள் அவள். “ஒரே சுவருல்லா? வாரவங்கட்ட மழையில நனைஞ்சிட்டுன்னு சொன்னா கேக்க மாட்டாங்களா?”

“ஒங்க வீட்டுக்கா பொண்ணு பாக்க வாராவ?” என்றேன்.

கொத்தனார் கரண்டியைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். அவளுக்குப் பெண் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன? அவள் முகம் மாறவில்லை. “சரிதான். ஒன் வீடு, ஒன் பிரியம்மா” என்று சொல்லிவிட்டுச் சந்து வழியாகப் போய்விட்டாள். இருபத்து மூன்று வருஷத்தில் நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். என் பக்கம் பளபளவென்று தேக்கு நிறத்தில் பேனல் ஏறியது. அவள் பக்கம் காரையெல்லாம் உதிர்த்துச் செங்கல் தெரிய நின்றது. ஈரம் எதுவரை இருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு ‘தை’ என்று எழுதி வைத்திருந்தாள்.

அவர்கள் வந்தார்கள். ஆண்கள் நேராக என் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். பெண்களைக் காணோம். எட்டிப் பார்த்தால், மாப்பிள்ளையின் அம்மா, அக்கா, சித்தி எல்லாரும் அவள் வீட்டுக்குள். வாசல் திறந்திருந்ததாம்; உள்ளே செங்கல் தெரிந்ததாம். “எங்க வீட்டுலயும் இதே கதிதாம்மா” என்று அந்த அம்மாள் நுழைந்திருக்கிறார். நான் போனபோது மூன்று பேரும் சுவரில் புறங்கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். எப்போது பூசலாம், என்ன கலக்கவேண்டும், அரிசி மூட்டையை எங்கே நகர்த்தினீர்கள் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. பட்டுச் சேலை கட்டி என் மகள் ஒரு பக்கம் காத்துக்கொண்டிருக்க, அவளைப் பார்க்க வந்தவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காபியும் போளியும் அங்கேயே நடந்தன. கடைசியில், “இவ்வளவு நேரம் பேசிட்டோம், பொண்ணை இங்கனயே கூப்புடுங்களேன்” என்று அந்த அம்மாள் சொல்ல, என் மகள் அந்தச் செங்கல் சுவருக்கு முன்னால் நின்றுதான் கும்பிட்டாள். பேச்சு முடிந்து, பூ வைத்து, எல்லாம் நல்லபடியாக அமைந்தது. போகும்போது அந்த அம்மாள் என் பேனலை விரலால் ஒரு தட்டு தட்டி, “புதுசா? நல்லாருக்கு” என்றார். அவ்வளவுதான் என் பேனலுக்குக் கிடைத்தது.

சம்பந்தம் அமைந்த சந்தோஷத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் நான் இதைச் சொல்கிறேன். எனக்கே தெரிகிறது. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என் மகளின் சிரிப்பு அல்ல, மூன்று புறங்கைகள்.

சித்திரையில் என் ஹாலில் ஒரு வாடை கிளம்பியது. ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் போட்டுப் பார்த்தேன். பேனலின் அடியில் பழுப்பாக ஒரு கசிவு வந்தது. கொத்தனார் ஒரு பலகையைக் கழற்றினதும் உமிக்கரியை அப்பியதுபோலப் பூஞ்சணம், சுவர் முழுக்க. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அதான பாத்தேன். அந்தப் பக்கம் இந்த வெயில்லயும் காய மாட்டேங்குதேன்னு அக்கா சொல்லிட்டே இருந்தாவ. இந்தப் பக்கம் மூடி வச்சா அது எங்கன காயும்?”

அவளிடம் போனேன். சுவரில் ‘தை’க்குக் கீழே ‘மாசி’, ‘பங்குனி’ என்று கோடுகள். மூன்றுக்கும் இடையில் விரற்கடை அளவுகூட இடைவெளி இல்லை. மூன்று மாதமாக அந்தச் செங்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டு, அங்கேயே படுத்து எழுந்திருக்கிறாள். காரணம் அவளுக்குத் தெரியும். என் பேனலைக் கழற்றச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“சொல்லியிருக்கலாம்லாக்கா?”

“சொல்லிட்டுத்தான இருந்தேன், காயட்டும்னு” என்றாள். அன்று சாயங்காலம் சாக்பீஸோடு என் ஹாலுக்கு வந்து, என் பக்கத்துச் செங்கல்லிலும் கோடு போட்டு ‘சித்திரை’ என்று எழுதினாள். இரண்டு பக்கமும் ஒன்றாகக் காய்ந்து, ஆனியில் ஒரே நாளில் பூசினோம். அத்தானின் படத்தையும் பழைய இடத்தில் மாட்டினாள். கறை கறைதான். அவள் மகன் கம்ப்யூட்டரில் சரி செய்து புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னான். “முகம் தெளிவாத்தான இருக்கு, போதும்” என்றுவிட்டாள். நான் அந்த வீட்டுக்குள் போகும்போதெல்லாம் அத்தான் கழுத்தளவு தண்ணீரில் நின்று என்னைப் பார்த்தார். சொல்லிவிடலாமா என்று பல தடவை வந்தேன். ஒவ்வொரு தடவையும் யாராவது அவளைப் பற்றி ஏதாவது நல்லது சொல்லிவிடுவார்கள், நான் திரும்பிவிடுவேன்.

என் மகளின் கல்யாணம் முடிந்தது. அடுத்த வருஷம், மருமகள் பிள்ளையுண்டாகியிருக்கிறாள் என்று அவள் கோயம்புத்தூர் போனாள். “ஒரு மாசத்துல வந்துருவேன்” என்று சாவியை என்னிடம் கொடுத்தாள். ஒரு மாதம் எட்டு மாதம் ஆயிற்று. உண்மையைச் சொன்னால் முதல் வாரம் எனக்கு விடுதலையாக இருந்தது. தண்ணீர் வருகிற நாளில் தொட்டி மூடியை நானே திறந்து நானே மொண்டேன். பிறகு ஒரு நாள் என் கணவர் போளிப் பொட்டலத்தோடு பூட்டின கதவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வருவதைப் பார்த்தேன். நாலும் எனக்குத்தான் வந்தது. இரண்டுக்கு மேல் சாப்பிட முடியவில்லை.

போன மாதம் போன் செய்தாள். “அத்தான் படத்தை யாராவது இங்கன வந்தா குடுத்து விடுதியாட்டி?” என்றாள். படத்தைக் கேட்கிறாள் என்றால் திரும்பி வரப்போவதில்லை என்று அர்த்தம்.

கதவைத் திறந்து, ஸ்டூல் போட்டு ஏறி, படத்தை ஆணியிலிருந்து தூக்கினேன். பின்னாலிருந்து என்னவோ நழுவித் தரையில் விழுந்தது. சட்டம் சுவரில் படாமல் இருக்க நாலாக மடித்து இடையில் கொடுத்திருந்த துணி. துவைத்து, ஓரம் தைத்திருந்தாள். நீலப் பூ.

ஸ்டூலைவிட்டு இறங்கிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இடி இடிக்கிறபோது அந்த மனுஷி மாடி ஏறி, தண்ணீருக்குள் கையைவிட்டு இதை உருவியிருக்கிறாள். யாருடையது என்று பார்த்த உடனே தெரிந்திருக்கும். கொடியில் என் துணியை மழைக்கு எத்தனை தடவை எடுத்து மடித்து வைத்திருக்கிறாள். கொத்தனார் கேட்டபோது தெரியும். ‘ஒங்க வீட்டுக்கா’ என்று நான் கேட்டபோது தெரியும். கெட்டுப்போன படத்துக்கு முட்டுக்கொடுக்க இந்தத் துணியையே எடுத்து வைத்தபோதும் தெரியும். நான் ஒருத்திதான் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அப்படியே போன் போட்டேன்.

“அக்கா, மாடிக் குழாய அடைச்சது நாந்தான்.”

அந்தப் பக்கம் பேரப்பிள்ளை சிணுங்கும் சத்தம் கேட்டது. அதைத் தட்டிக்கொண்டே, “தெரியும்டி” என்றாள்.

“தெரிஞ்சா ஏன்க்கா கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்லா?”

“கேட்டா இல்லன்னுல்லா சொல்லியிருப்ப” என்றாள். நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். குரலை இறக்கி, சிரித்துக்கொண்டே சொன்னாள்: “சொவரே ஆறு மாசத்துல காஞ்சிட்டு. ஒனக்கு ரெண்டு வருசம் ஆயிருக்கு பாரேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். படத்தை அந்தத் துணியாலேயே சுற்றிக் கட்டினேன். அழுகையெல்லாம் அடங்கிய பிறகு, எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. அந்தக் கடைசி வார்த்தையும் அவளுக்குத்தானே வாய்த்தது.